ஒருவர் கேட்க ஊர் கற்கும்

பாடம் முடிந்ததும், "ஐயம் ஏதும் உண்டா?" என்று வினவுதல் ஆசிரியர் வழக்கம். மாத்தளை மாவட்டத்தில் இருபது ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவரும் நாமும் நாள்தோறும் அவ்வாறே வினவி வருகின்றோம். அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் மௌனமே. நாற்பது மாணவரும் தலைகுனிந்து தம் அப்பியாசக் கொப்பிகளை உற்று நோக்குவர். மணி அடித்தபின் நாம் தாழ்வாரத்தில் நடந்து செல்லும்போது யாரேனும் ஒருவர் பின்னால் ஓடிவந்து, பிறர் செவியில் விழாதவாறு, "சேர், ஒன்று கேட்கலாமா?" என்பார். அவர் கேட்பது, வகுப்பில் இருந்த பாதிப்பேருக்கு விளங்காத ஒன்றாகவே இருக்கும். நாம் தாழ்வாரத்தில் நின்று கூறும் விடையோ அவர் ஒருவருக்கே பயன்படும்.

இந்த மௌனத்தை வளர்த்ததில் எமக்கும் பங்கு உண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த புதிது. றத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து நாள்தோறும் மலையிறங்கி வந்து படித்த மாணவன் ஒருவன், திசைகொண்ட எண்களைப் பற்றிய பாடத்தின்போது எழுந்து நின்றான். "சேர், மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வருவது ஏன்?" என்று கேட்டான். பரீட்சைக்கு இரண்டு கிழமையே எஞ்சியிருந்தது. "அது விதி. பாடமாக்கிக்கொள். உட்கார்" என்றோம். வகுப்புச் சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதாயின், நாமும் சிரித்தோம். அவன் உட்கார்ந்தான், அதன்பின் எமது வகுப்பில் அவன் ஒருநாளும் எழுந்து கேட்டதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் அவனுக்குக் கணிதம் தவறியது. பாடசாலையை விட்டு நீங்கினான். எமது ஒரு சொல்லே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகலாம். எனினும் அச்சொல்லை எம்மால் மறக்க இயலவில்லை.

சென்ற ஆண்டு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில், மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே கணக்குப் புத்தகத்துடன் நின்ற ஒருவர் எம்மை அடையாளங்கண்டு கைகூப்பினார். அவரே அம் மாணவர். குடும்பம், தொழில் முதலியவற்றைப் பேசி முடித்தபின், சிரித்துக்கொண்டே, "சேர், அந்தக் கணக்குக்கு விடை எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது என் மகள் அதையே என்னிடம் கேட்கிறாள்" என்றார். நாம் சொல்லத் தொடங்கினோம். அதற்குள் லொறி புறப்படும் நேரமாகிவிட்டது. அவர் விடைபெற்றுச் சென்றார். கணக்கின் விடை பாதியில் நின்றது.

அதனை இக் கட்டுரையின் இறுதியில் முழுமையாகத் தருவோம். ஒருவரிடம் நேரிற் சொல்லவேண்டியதைப் பத்திரிகையிற் பலரறியச் சொல்வது ஏன் என வாசகர் வினவலாம். அதற்குரிய காரணமே இக் கட்டுரையின் பொருளாகும்.

கேள்வி என்னும் சொல்

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்கு வினவு என்றும் பொருள் உண்டு. செவிகொடு என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் 'கேள்வி' என்னும் அதிகாரம் அறிஞர் சொல்லைச் செவிமடுத்து அறிவு பெறுதலையே கூறுகிறது. வினவுபவனும் செவிமடுப்பவனும் ஒருவனே என்று நம் மொழி கருதியது போலும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன. விடை தெரிந்தவன் மற்றவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. நம் பாடசாலைகளில் ஒலிக்கும் வினாக்களிற் பெரும்பாலானவை முதல்வகையைச் சார்ந்தவை. ஆசிரியர் கேட்பதும் அறிவினா. பரீட்சைத் தாளில் வருவதும் அறிவினா. அறியா வினாவைக் கேட்பதற்கு மாணவனுக்கு நாம் எவ்வளவு நேரம் ஒதுக்குகின்றோம்? அதனைக் கேட்பவன் தன் அறியாமையைப் பலர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவைச் சிரிப்பொலி ஒன்றே கெடுத்துவிடும்.

மாணவன் எவ்வாறு கற்கிறான் என்பதற்கும் அந்நூல் ஒரு கணக்குக் கூறுகிறது. ஆசிரியர் சொல்வதை முழுக் கவனத்துடன் கேட்டாலும் அறிவிற் காற்பங்கே கைகூடும். உடன் கற்பவரோடு பழகி உரையாடுவதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். ஆகவே, வினாவுக்கு விடை கூறுபவன் தானம் செய்பவன் மட்டுமல்லன். தனக்குரிய அரைப்பங்கைப் பெற்றுக்கொள்பவனும் ஆவான்.

பிரச்ன உபநிடதத்தில் ஆறு மாணவர் பிப்பலாத முனிவரை நாடி வருகின்றனர். ஓராண்டு தம்மோடு தங்கியபின் விரும்பியதைக் கேட்கலாம் என்றும், தமக்குத் தெரிந்திருப்பின் சொல்வதாகவும் அவர் கூறுகிறார். 'தெரிந்திருப்பின்' என்ற நிபந்தனை ஒரு முனிவரின் வாயிலிருந்து வருவதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தெரியாது என்று சொல்லக்கூடிய ஆசிரியரிடமே அச்சமின்றி வினவ முடியும்.

நம் மலைகளில் எழுந்த வினா

பழங்கதையோடு நில்லாது, நம் மலைகளில் நடந்ததையும் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தளை மலைகள் கோப்பி மலைகளாக விளங்கின. அக் கோப்பிக்காகவே தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்தனர். 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்னும் அறிஞர் அது புதிய பங்கசு நோய் எனக் கண்டு பெயரிட்டார். 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, அப்பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுவதை ஆராய்ந்து காட்டினார்.

தோட்டத் துரைமார் ஒவ்வொருவரும் தத்தம் மலையில் தனித்திருந்து இந்நோயோடு போராடினர். அவர்தம் கடிதங்களும் ஐயங்களும் கொழும்புப் பத்திரிகைகளுக்குச் சென்றன. 1881இல் பெர்குசன் குடும்பத்தார் 'டிரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' என்னும் மாதச் சஞ்சிகையைத் தொடங்கினர். கோப்பி, சிங்கோனா, கொக்கோ, தேயிலை ஆகியன பற்றி ஒரு தோட்டத்தார் கண்டதை மற்றத் தோட்டத்தார் அறிய அது வழிசெய்தது. பிற்காலத்தில் அது விவசாயத் திணைக்களத்தின் வெளியீடாயிற்று.

கோப்பியை அதனால் காப்பாற்ற இயலவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் பெரும்பாலும் அழிந்தது. ஆயினும் அடுத்து எதை நடலாம், எவ்வுயரத்தில் எது வளரும் என்னும் அறிவு கைமாறியது. மாத்தளையிற் கொக்கோவும் மேல்மலைகளில் தேயிலையும் இடம்பிடித்தன. ஒருவர் தோல்வி மற்றவர்க்குப் பாடமாக வேண்டுமாயின், அது நாலு பேர் அறியச் சொல்லப்பட வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. ஆங்கிலத்தில் எழுதிய துரைமார் கேட்டனர். துரைமாரே விடை கூறினர். நாள் முழுவதும் அவ்விலைகளைக் கையால் தொட்ட தமிழ்த் தொழிலாளரை யார் கேட்டனர்? தொழிலாளர் தம் ஐயங்களை எங்கே எழுதுவர்? கேட்கும் உரிமையும் சொல்லும் உரிமையும் சிலருக்கே உரியதாயின், அச்சபையின் அறிவும் அவ்வளவிலே நின்றுவிடும்.

கும்பகோணத்து இளைஞர்

இனித் தமிழகத்துக்குச் செல்வோம். 1907ஆம் ஆண்டில் வி. இராமசுவாமி ஐயர் என்னும் உதவிக் கலெக்டர், கணிதத்தில் ஆர்வமுடைய சிலரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தார். விலையுயர்ந்த வெளிநாட்டுக் கணிதச் சஞ்சிகைகளைக் கூட்டாக வாங்கித் தபால் மூலம் ஒருவர்க்கொருவர் அனுப்பிப் படிப்பது அதன் முதல் நோக்கம். அதுவே இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்து தன் சஞ்சிகையையும் வெளியிட்டது. அதில் வினாப் பகுதி ஒன்று இருந்தது. எவரும் வினா அனுப்பலாம். எவரும் விடை அனுப்பலாம்.

1911இல் அப்பகுதியில் 289ஆம் எண்ணிட்ட வினா ஒன்று வெளிவந்தது. அனுப்பியவர் கல்லூரிப் பரீட்சையிற் தவறியவர், பட்டம் இல்லாதவர், தொழிலும் இல்லாதவர். அவர்தாம் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன். வினா இதுதான்: 1உடன் ஒரு வர்க்கமூலத்தின் இருமடங்கைக் கூட்டுக, அந்த உள் மூலத்துக்குள் 1உடன் வேறொரு மூலத்தின் மும்மடங்கைக் கூட்டுக, அதற்குள் நான்மடங்கு, இவ்வாறு முடிவின்றிச் செல்க. இவை அனைத்துக்கும் மேலாக ஒரு வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் பெறுமதி யாது?

சில இதழ்கள் வெளிவந்த பின்னும் எவரும் விடை அனுப்பவில்லை. ஈற்றில் அவரே அனுப்பினார். விடை 3. நம் மாணவரும் அதனை விளங்கிக்கொள்ளலாம். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1உடன் 2 × 4 கூட்டியது. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1உடன் 3 × 5 கூட்டியது. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1உடன் 4 × 6 கூட்டியது. இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாகக் கதவுகள் திறந்துகொண்டே போகும்.

இராமானுசன் அச்சஞ்சிகையில் ஏறக்குறைய 60 வினாக்களை வெளியிட்டார். கற்றோர் நடுவே அவர் பெயர் பரவுவதற்கு அப்பகுதி ஒரு வாயிலாயிற்று. 1913இல் அவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914இல் கப்பலேறியதும், 1920இல் 32 வயதில் மறைந்ததும் யாவரும் அறிந்தவை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்கு முன்னரே அவ்வினாக்கள் அவருக்கு அறிமுகக் கடிதமாயின என்பதைப் பலர் அறியார்.

அவ்வினாக்களின் பிற்கால வரலாறும் சுவையானது. 2ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி 7ஐக் கழித்தால் முழு வர்க்கம் எப்போது வரும் என்று 1913இல் அவர் கேட்டார். 8இலிருந்து 7ஐக் கழித்தால் 1, 16இலிருந்து கழித்தால் 9, 32இலிருந்து 25, 128இலிருந்து 121, 32768இலிருந்து 32761, அதாவது 181இன் வர்க்கம். இவ்வைந்தும் அன்றி வேறு உண்டா? 1943இல் நார்வே நாட்டு லியுங்கிரென் என்பாரும் இதே வினாவை எழுப்பினார். 1948இல் அந்நாட்டவரான நாகெல், வேறு இல்லை என நிறுவினார்.

அதே ஆண்டில் இராமானுசன் கேட்ட இன்னொரு வினா இன்றும் திறந்தே கிடக்கிறது. 1 முதல் 4 வரையுள்ள எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் 25. அது 5இன் வர்க்கம். 5 வரை பெருக்கி 1ஐக் கூட்டினால் 121. அது 11இன் வர்க்கம். 7 வரை பெருக்கிக் கூட்டினால் 5041. அது 71இன் வர்க்கம். இவற்றைப் போல் வேறும் உண்டா? கணினிகள் மிகப்பெரிய எண்கள் வரை தேடியும் வேறொன்று அகப்படவில்லை. இல்லை என எவரும் நிறுவவும் இல்லை. பலரறியக் கேட்கப்பட்ட வினா, கேட்டவரின் ஆயுளையும் கடந்து வாழ்கிறது.

இன்றைய சபைகள்

நம் இல்லங்களிலும் வினாவிடைப் பகுதிக்கு வரவேற்பு இருந்ததை மூத்தோர் அறிவர். தமிழ்வாணனின் 'கல்கண்டு' இதழையும் 'குமுதம்' இதழின் 'அரசு' பதில்களையும் முதலிற் பிரித்துப் படித்தோர் பலர். 'ஏன், எதற்கு, எப்படி' என்று சுஜாதா விஞ்ஞான ஐயங்களைத் தீர்த்த பகுதி மாணவர்க்குப் பேருதவியாயிற்று. ஆயினும் அவற்றில் விடை கூறுபவர் ஒருவரே. அவர் தவறினால் திருத்துவார் அரியர்.

இணையம் வந்தபின் சபை விரிந்தது. கொரிய மொழியில் இணையப் பக்கங்கள் குறைவாக இருந்த காலத்தில், 2002இல் 'நேவர்' நிறுவனம் பொதுமக்களே கேட்டுப் பொதுமக்களே விடையெழுதும் பகுதியைத் தொடங்கியது. ஆசிரியரும் இல்லத்தரசிகளும் மாணவரும் எழுதிய விடைகள் அம்மொழியின் அறிவுக் களஞ்சியமாயின. தமிழர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி இது. 2008இல் கணினி நிரல் எழுதுவோர்க்காக 'ஸ்டாக் ஓவர்ஃபுளோ' தோன்றியது. அங்கே நல்ல விடையைப் பலர் வாக்களித்து மேலே உயர்த்துவர், பிழையுள்ளதைத் திருத்துவர். மறுநாள் அதே இடரில் அகப்படும் வேறொருவர், வினவாமலே விடையைக் கண்டுகொள்வர்.

2009இல் கணித ஆராய்ச்சியாளர்க்கு 'மேத் ஓவர்ஃபுளோ' அமைந்தது. மறு ஆண்டு அங்கே ஒருவர் மனந்தளர்ந்து ஒரு வினா எழுப்பினார். மாமேதைகளே கணிதத்துக்குப் புதியன தரமுடியுமாயின், சாதாரண மாணவர் செய்யத்தக்கது யாது என்பது அதன் கருத்து. அதற்கு விடையெழுதியவர்களுள் ஒருவர் வில்லியம் தேர்ஸ்டன். 1982இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். கணிதத்தின் பயன் தேற்றங்களை அடுக்குவதில் இல்லை, மக்கள் மனத்திற் தெளிவும் விளக்கமும் உண்டாக்குவதிலே உள்ளது என்றும், அது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் சமூகத்திலேயே உயிர்வாழ்கிறது என்றும் அவர் பொறுமையுடன் விளக்கினார். முகமறியாத ஒரு மாணவருக்கு உலகின் தலைசிறந்த கணிதர் ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதினார். அவ்விடையை இன்றும் ஆயிரக்கணக்கானோர் படித்துத் தேறுதல் பெறுகின்றனர்.

இச்சபைகளிற் குறைகள் இல்லாமல் இல்லை. அறியாதவர் அறிந்தவர் போல விடை கூறுவர். புதியவர் கேட்ட எளிய வினாவை எள்ளி நகையாடுவோரும் உளர். எமது வகுப்பில் அன்று எழுந்த சிரிப்பு அங்கும் ஒலிப்பதுண்டு. 2005இல் தொடங்கிய 'யாஹூ' வினாவிடைத் தளம் 2021இல் மூடப்பட்டபோது பல ஆண்டு எழுத்துகள் பார்வையிலிருந்து மறைந்தன. ஆதலின், விடையைச் சோதித்தல் இன்றியமையாதது. திருவிளையாடற் கதையில் நக்கீரர், பாட்டை எழுதியவர் யார் என்று பாராது பாட்டின் பொருளையே ஆராய்ந்தார். நோய்க்கு மருந்து, வழக்குக்குச் சட்டம் என்பவற்றில் முகமறியாதார் விடையை மட்டும் நம்பி நடத்தல் கேடு. மருத்துவரையும் சட்டத்தரணியையும் நாடுதலே தகும்.

இயந்திரம் விடை கூறும் காலம்

நிற்க. "இவையெல்லாம் பழங்கதை. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் விடை வருகிறதே" என்று எம் மாணவரே கூறுகின்றனர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' வெளிவந்ததன் பின், 'ஸ்டாக் ஓவர்ஃபுளோ'வில் புதிய வினாக்கள் பெருமளவு குறைந்தன. இயந்திரம் சிரிப்பதில்லை, சினப்பதில்லை, நள்ளிரவிலும் விடை தருகிறது. தோட்ட லயத்தில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு வரமே. அதனை நாம் வெறுக்கவில்லை.

எனினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வியந்திரம் கற்றது எங்கிருந்து? மனிதர் பலரறிய எழுதிவைத்தவற்றிலிருந்தே கற்றது. ஆங்கிலத்தில் அத்தகைய எழுத்து மலைபோல் உள்ளது. தமிழில் குன்றளவே உள்ளது. நாம் தமிழிற் கேட்டும் சொல்லியும் எழுதிவையாவிட்டால், நாளை இயந்திரம் நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லும்? இரண்டாவது, தனியறையில் இயந்திரத்திடம் கேட்ட வினா கேட்டவரோடு முடிகிறது. அது பக்கத்து வாங்கில் இருப்பவருக்குத் தெரியாது. விடை பிழையாயினும் திருத்துவார் இல்லை. எமது தாழ்வாரத்து விடையும் அத்தகையதே. இறைத்த கிணறே ஊறும் என்பது நம் பழமொழி. பலர் வந்து இறைக்காத கிணறு பாழாகும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய முயற்சி எதுவும் வேண்டியதில்லை. சில ஆண்டுகளாக எமது வகுப்பின் பின்சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. மாணவர் தம் பெயர் எழுதாமல் வினாவைத் தாளில் எழுதி அதில் ஒட்டலாம். விடை தெரிந்த எவரும் கீழே எழுதலாம். கேட்டவர் பெயர் தெரியாததால் சிரிப்பதற்கு ஆள் அகப்படுவதில்லை. 1691இல் இலண்டனில் ஜான் டன்டன் என்பவர் வினாவிடைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியபோதும், கேட்பவர் பெயரை மறைப்பதே அவர் கண்ட உபாயம். முதல் கிழமையில் எமது பலகையில் ஒரு தாளும் இல்லை. இரண்டாம் கிழமையில் மூன்று. இப்போது மாதந்தோறும் தாள்களைக் கழற்றிக் கொப்பியில் ஒட்டிச் சேர்க்கின்றோம். அடுத்த வகுப்பினர்க்கு அக்கொப்பியே வழிகாட்டி. விடை எழுதுவோரிற் பலர் முன்னணி மாணவர் அல்லர். தாமே அண்மையில் இடறி எழுந்தவர்கள். இடறிய இடம் எதுவென அவர்களுக்கே நன்கு தெரியும்.

வாசிகசாலையிலும் கோவில் மண்டபத்திலும் சனசமூக நிலையத்திலும் இத்தகைய பலகையை அமைக்கலாம். கேட்போர் நினைவிற் கொள்ளவேண்டியவை சில. ஒரு வேளையில் ஒன்றையே கேட்க. நீர் எதுவரை முயன்றீர், எங்கே தடைப்பட்டீர் என்று எழுதுக. விடை பயன்பட்டதா என்பதைப் பின்னர் வந்து தெரிவிக்க. விடை கூறுவோர்க்கு ஒன்றே ஒன்று: வினா எவ்வளவு எளியதாயினும் நகையாதிருக்க. இம்மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்: கிழமைக்கு ஒரு விடையேனும் தமிழில், நீங்கள் படித்த பாடசாலைப் பிள்ளைகள் காணும் இடத்தில் எழுதுங்கள். உங்களுடைய அரைப்பங்கும் அதனால் நிரம்பும்.

தாமதமான விடை

இனி, கொடுத்த வாக்கை நிறைவேற்றுவோம்.

மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வருவது ஏன்? சந்தைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு வியாபாரியின் கையிருப்பு நாளொன்றுக்கு 300 ரூபா குறைந்து வருகிறது என்க. குறைவதால் அது மறை 300. வருங்காலத்து நாட்களை நேர் எண்ணாலும் கடந்த நாட்களை மறை எண்ணாலும் குறிப்போம். இரண்டு நாள் கழித்து இன்றிலும் 600 ரூபா குறைவாக இருக்கும். மறை 300ஐ 2ஆல் பெருக்க மறை 600. இரண்டு நாளைக்கு முன் எவ்வளவு இருந்தது? இன்றிலும் 600 ரூபா கூடுதலாக இருந்தது. அதாவது, மறை 300ஐ மறை 2ஆல் பெருக்க நேர் 600.

கதை வேண்டாம், கணக்கே வேண்டும் என்பார்க்கு வேறு வழி உண்டு. மறை 3ஐ 2ஆல் பெருக்கினால் மறை 6. 1ஆல் பெருக்கினால் மறை 3. 0ஆல் பெருக்கினால் 0. பெருக்கும் எண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடை 3 ஏறுகிறது. அடுத்த படி மறை 1. ஒழுங்கு மாறாதிருக்க வேண்டுமாயின் விடை நேர் 3 ஆகவேண்டும். ஒழுங்கு மாறக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 1ஐயும் மறை 1ஐயும் கூட்டினால் 0. ஆகவே மறை 3ஐ அக்கூட்டுத்தொகையாற் பெருக்கினால் 0 வரவேண்டும். அதில் 1ஆல் பெருக்கியதன் பங்கு மறை 3. மொத்தம் 0 ஆவதற்கு, மறை 1ஆல் பெருக்கியதன் பங்கு நேர் 3 ஆகவே இருத்தல் வேண்டும். வேறு எதுவும் பொருந்தாது.

தம்புள்ளையில் எம்மைக் கைகூப்பி வணங்கிய அன்பருக்கு: தம்பி, அன்று நீர் கேட்டது மிக நல்ல வினா. விதி என்று கூறி உம்மை உட்காரச் செய்தது எமது பிழை. இவ்விடையை உமது மகளுக்குப் படித்துக் காட்டுக. அவள் இதிலும் ஒரு 'ஏன்' கேட்பாளாயின் மிக மகிழ்வோம். அதனை எழுதி அனுப்பச் சொல்லுக; பலகையில் ஒட்டுவோம்.